எடை இறங்கவில்லையா? ஓய்வில் எரிவதையும் நாள் முழுக்க எரிவதையும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யும் வழி

எடை குறைக்கப் புறப்பட்டவருக்கு இன்று எண்களுக்குப் பஞ்சமில்லை. குளியலறை எடை மெஷின் ‘பி.எம்.ஆர்.’ என்று ஒன்றைக் காட்டும். கைக்கடிகாரம் ராத்திரி படுக்கும்போது வேறொன்றைக் காட்டும். ஃபோன் செயலி மூன்றாவதாக ஒன்று சொல்லும். கடையில் வாங்கிய பருப்புப் பாக்கெட்டில் இருப்பதோ இந்த மூன்றோடும் ஒட்டாது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் எங்கே போனாலும் சாப்பாட்டைக் குறைத்தும் எடை நகராதவர்கள் “என் உடம்பு வாகு அப்படி” என்று மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். அப்படி விடுவதற்கு முன் கணக்கை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். பல சமயம் உடம்பு சரியாகவே இருக்கும். ஓர் எண்ணை இன்னோர் எண்ணாக எடுத்துக்கொண்ட இடத்தில்தான் பிசகு இருக்கும்.

உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

முதலில் அந்த இரண்டு எண்கள்

ராத்திரி வீடே தூங்கும்போதும் பிரிபெய்ட் மீட்டரில் யூனிட் இறங்கிக்கொண்டுதான் இருக்கும், ஃப்ரிட்ஜ் ஓடுகிறதே. உடம்பும் அப்படித்தான். அசையாமல் படுத்திருந்தாலும் மூளை, கல்லீரல், இதயம், சிறுநீரகம் எல்லாம் வேலை செய்கின்றன. எடையில் சிறு பங்கே உள்ள இந்த நாலு உறுப்புகள்தான் ஓய்வில் எரிவதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. இது ஓய்வுநிலைச் செலவு. மெஷினும் செயலியும் பி.எம்.ஆர்., ஆர்.எம்.ஆர். என்று சொல்வது இதைத்தான். ஆய்வகத்தில் அளக்கும்போது இந்த இரண்டுக்கும் நிபந்தனைகள் கொஞ்சம் வேறுபடும். வீட்டுக் கணக்குக்கு இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம்.

இதோடு இரண்டு செலவுகளைச் சேர்க்க வேண்டும். சாப்பிட்டதைச் செரிக்க உடம்பு எடுத்துக்கொள்ளும் சுமார் 10 சதவீதம் ஒன்று. எழுந்து நடமாடுவது, துணி துவைப்பது, மாடிப்படி ஏறுவது, உடற்பயிற்சி என்று எல்லா அசைவும் சேர்ந்தது இன்னொன்று. மூன்றையும் கூட்டினால் வருவது நாள் முழுச் செலவு. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இந்த மொத்தத்தில் 60 முதல் 70 சதவீதம் ஓய்வுநிலைச் செலவாகவே இருக்கும்.

ஓய்வுநிலைச் செலவை மதிப்பிட 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் போதும். எடையை (கிலோ) 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தை (செ.மீ.) 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். விடை கலோரியில் (பாக்கெட்டில் ‘kcal’ என்று இருப்பது) வரும்.

45 வயது, 160 செ.மீ., 78 கிலோ உள்ள ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். 780 + 1,000 − 225 − 161 = 1,394 கலோரி. ஆற்றலை அளக்கும் இன்னோர் அலகான கிலோஜூலுக்கு மாற்ற 4.2-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5,850 கிலோஜூல். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த அக்காவை வைத்துத்தான்.

நாள் முழுச் செலவுக்கு இதை ஓர் அசைவு எண்ணால் பெருக்க வேண்டும். மேசையிலோ கடைக் கல்லாவிலோ உட்கார்ந்து வேலை, காரில் போக்குவரத்து என்றால் 1.2. வீட்டு வேலை, கொஞ்சம் நடை, வாரம் இரண்டு மூன்று நாள் லேசான பயிற்சி என்றால் 1.375. வாரம் நாலைந்து நாள் வியர்க்க விறுவிறுக்கப் பயிற்சி என்றால் 1.55. நாள் முழுக்க ஓடியாடினது போலக் களைப்பாக இருந்தாலும் பெரும்பாலோருக்குப் பொருந்துவது முதல் இரண்டில் ஒன்றுதான். களைப்பு வேறு, அசைவு வேறு. அக்காவுக்கு 1.375 போட்டால் 8,050 கிலோஜூல் வரும், 1.2 போட்டால் 7,030. ஒரே ஆளுக்கு, ஒரே நாளில், ஓர் எண்ணைத் தாராளமாகப் போட்டதாலேயே ஆயிரம் கிலோஜூல் வித்தியாசம் வந்துவிட்டது பாருங்கள்.

“பாக்கெட்டில் 1,500 என்று இருக்கிறது, செயலி 360 என்கிறது”

இரண்டும் சரிதான். தென்னாப்பிரிக்கப் பாக்கெட்டுகள் கிலோஜூலில் பேசுகின்றன. மசாலாக் கடையில் கிடைக்கும் இந்தியாவிலிருந்து வந்த பாக்கெட்டுகள் கலோரியில் பேசுகின்றன. ஒரு கலோரி ஏறத்தாழ 4.2 கிலோஜூல், 1,500-ஐ 4.2-ஆல் வகுத்தால் 357.

இதில் எங்கே தப்பு நடக்கிறது? “ஒரு நாளைக்கு 1,500” என்று கலோரியில் இலக்கு வைத்தவர், 100 கிராம் அரிசிப் பாக்கெட்டில் 1,500-ஐப் பார்த்துவிட்டு ஒரு நாள் பங்கு முழுவதும் அதிலேயே போயிற்று என்று பயந்து பட்டினி கிடக்கிறார். இன்னொருவர் கடிகாரம் காட்டிய 400 கலோரியை மனதில் வைத்துக்கொண்டு வேறொரு கணக்கில் 400 கிலோஜூலைக் கழிக்கிறார். அவர் கணக்கில் முக்கால்வாசி தொலைந்துபோகிறது.

செயலியின் அமைப்புக்குள் போய் அலகைக் கிலோஜூலாக மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். கடிகாரத்தில் மாற்ற முடியாவிட்டால் அதன் எண்ணை 4.2-ஆல் பெருக்கி எழுதுங்கள். பாக்கெட்டில் ‘100 கிராமுக்கு’, ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று இரண்டு பத்திகள் இருக்கும். கிச்சன் ஸ்கேலில் நிறுத்துச் சாப்பிடுபவர் முதல் பத்தியை மட்டும் பார்த்தால் போதும். உலர்ந்த அரிசியா, வெந்த சோறா என்பதையும் கவனியுங்கள்: 100 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 280 கிராம் சோறாகிறது. சோற்றை நிறுத்துவிட்டு அரிசியின் எண்ணைப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஏறும். அரிசியை நிறுத்துச் சோற்றின் எண்ணைப் போட்டால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்.

“மெஷின் காட்டிய 1,394-இல் 500 கழித்துச் சாப்பிடுகிறேன், தலை சுற்றுகிறது, முடி கொட்டுகிறது”

இது கவலைப்பட வேண்டிய பிசகு. ஓய்வுநிலைச் செலவை நாள் முழுச் செலவு என்று நினைத்து அதிலிருந்து கழித்திருக்கிறார்கள். மிஞ்சியது 900 கலோரிக்கும் கீழே, சுமார் 3,750 கிலோஜூல். எப்போதும் குளிர்வது போலிருப்பது, மலச்சிக்கல், எரிச்சல், மாதவிடாய் தள்ளிப்போவது, வெள்ளி வரை கட்டுப்பாடாக இருந்துவிட்டு ஞாயிறு ஒரேயடியாகச் சாப்பிடுவது எல்லாம் இதன் விளைவாக வரக்கூடியவை.

கழிப்பதை நாள் முழுச் செலவிலிருந்துதான் செய்ய வேண்டும். அக்காவுக்கு 8,050-இலிருந்து 1,750 கழித்தால் 6,300 கிலோஜூல் (1,500 கலோரி). உடல் கொழுப்பு ஒரு கிலோவில் சுமார் 32,000 கிலோஜூல் இருக்கிறது. ஆகவே வாரத்துக்கு 12,250 பற்றாக்குறை என்றால் 380 கிராம் இறங்கும். கேட்கக் குறைவாகத் தோன்றினாலும் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. அதைச் சோறும் கறியும் சாப்பிட்டுக்கொண்டே செய்யலாம். நாளுக்கு 800 கலோரிக்குக் கீழே போகும் உணவுமுறை மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே செய்யத்தக்கது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தப்பெண்ணம் உண்டு. ஓய்வுநிலைச் செலவைவிட ஒரு கவளம் குறைந்தாலும் உடம்பு ‘பூட்டிக்கொள்ளும்’, எடையே இறங்காது என்கிறார்கள். அப்படி ஒரு பூட்டு இல்லை. அமெரிக்காவில் மின்னசோட்டாவில் 1944–45-இல் 36 ஆண்கள் 24 வாரம் அரைப்பட்டினி இருந்து நடந்த ஆய்வில் அவர்களின் ஓய்வுநிலைச் செலவு வெகுவாகக் குறைந்தது, ஆனாலும் எடையில் கால்வாசி கரைந்தது. கூடவே அவர்களின் மனமும் உடலும் எந்த அளவு நொந்தன என்பதும் அந்த ஆய்விலிருந்துதான் தெரியவந்தது. குறைத்துச் சாப்பிட்டால் எடை இறங்கும். ரொம்பக் குறைத்தால் தசையும் தெம்பும் சேர்ந்து போகும், நீண்ட நாள் தாங்கவும் முடியாது.

“கடிகாரம் தினம் 2,700 எரித்ததாகச் சொல்கிறது, 2,000 சாப்பிட்டும் இறங்கவில்லை”

மூன்று இடங்களைச் சோதியுங்கள்.

முதலில், அந்த 2,700 மொத்தமா, அசைவுக்கு மட்டுமா? பெரும்பாலான கடிகாரங்கள் இரண்டையும் தனித்தனியே காட்டும். மொத்தம் என்றால் ஓய்வுநிலைச் செலவும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதன்மேல் இன்னொருமுறை பி.எம்.ஆர். கூட்டக்கூடாது.

இரண்டாவது, இரட்டைக் கணக்கு. அசைவு எண்ணாக 1.55 போட்டபோதே உங்கள் பயிற்சி உள்ளே வந்துவிட்டது. பிறகு செயலி கடிகாரத்தோடு இணைந்து ‘இன்று பயிற்சியில் 350 சம்பாதித்தீர்கள், சாப்பிடலாம்’ என்று காட்டும்போது அதே பயிற்சிக்கு இரண்டாம் முறை படி அளக்கிறீர்கள். ஒன்று, 1.2 போட்டுப் பயிற்சியைத் தனியாகக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் 1.375 அல்லது 1.55 போட்டுவிட்டுக் கடிகாரத்தின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

மூன்றாவது, கடிகாரத்தின் பிழை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தது. இதயத் துடிப்பை ஒன்றைத் தவிர மற்றவை நன்றாகவே அளந்தன. எரிந்த கலோரியிலோ ஆகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. ஆக மோசமானது 93 சதவீதம். டர்பனில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. ஜனவரி, பிப்ரவரி புழுக்கத்தில் கடற்கரை நடைபாதையில் நடந்தால் உடம்பைக் குளிர்விக்கவே இதயம் வேகமாக அடிக்கும். துடிப்பைப் பார்த்துக் கணக்குப் போடும் கடிகாரம் அதையும் உழைப்பு என்று எழுதிக்கொள்ளும். ஜூலையில் அதே தூரத்துக்கு அது குறைவாகக் காட்டுவதைப் பார்க்கலாம். நடந்தவரும் அவரே, தூரமும் அதே.

நடையில் உண்மையில் எவ்வளவு? 78 கிலோ ஆள் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் நடந்தால் மொத்தம் சுமார் 1,150 கிலோஜூல். ஆனால் அந்த ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் முந்நூற்றுச் சொச்சம் எரிந்திருக்கும். நடையால் கூடுதலாகக் கிடைத்தது 820 அளவு. டிரெட்மில் திரையில் வருவதும் மொத்த எண்ணே. பயிற்சிக்காக ஏதாவது கூடுதலாகச் சாப்பிட்டே ஆகவேண்டும் என்றால் கடிகாரம் சொன்னதில் பாதிக்கு மேல் போகாதீர்கள்.

“முதல் வாரம் இரண்டு கிலோ, அப்புறம் அசையவே இல்லை”

முதல் வாரம் போனதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் இரண்டும் சேர்ந்து வெளியேறும். புரட்டாசி விரதம் தொடங்கிய வாரத்தில் டேக்அவே நின்று உப்பு குறைவதாலும் இதே மாதிரி இறங்கும். அந்த வேகத்தைப் பார்த்து இலக்கு வைத்தால் இரண்டாம் வாரம் ஏமாற்றம்தான். அது போல, ஞாயிறு பிரியாணியும் ஆச்சாரும் சாப்பிட்டுத் திங்கள் காலை ஒரு கிலோ ஏறியிருந்தால் அது ஒரே ராத்திரியில் வந்த கொழுப்பாக இருக்க முடியாது. ஒரு கிலோ கொழுப்புக்குச் செலவு போக மிச்சமாக 32,000 கிலோஜூல் சாப்பிட்டிருக்க வேண்டும்.

“எல்லாம் எழுதுகிறேன், மூன்று வாரமாக ஒன்றும் இறங்கவில்லை”

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். மனம் புண்படாமல் இதைக் கேளுங்கள். “குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் இறங்கவில்லை” என்ற சிலரை 1992-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். அவர்களின் உடம்பு எரித்த அளவு எதிர்பார்த்தபடியே இருந்தது. எழுதிய சாப்பாடு உண்மையைவிட 47 சதவீதம் குறைவாகவும், எழுதிய உழைப்பு 51 சதவீதம் அதிகமாகவும் இருந்தன. கண்ணால் பார்த்து அளவு சொல்வது எல்லாருக்கும் தப்பும். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம்.

எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். 750 மில்லி சூரியகாந்தி எண்ணெய் ஒரு பாட்டிலில் சுமார் 25,500 கிலோஜூல் இருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு வாரத்தில் அது தீர்ந்தால், தலைக்கு ஒரு நாளைக்கு 910. அக்கா போட்ட 1,750 பற்றாக்குறையில் பாதி, யாரும் எழுதாமலேயே போயிற்று. இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி: பாட்டிலின் மேல் திறந்த தேதியைப் பேனாவால் எழுதிவையுங்கள். தீர்ந்த அன்று நாளை எண்ணி ஆட்களால் வகுங்கள். பொரித்த எண்ணெயை வடித்து வைத்தால் அந்த அளவை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

அடுத்தது குழம்புச் சட்டி. எந்தச் செயலியிலும் உங்கள் வீட்டுச் சுகர் பீன்ஸ் கறி இருக்காது. இருப்பது வேறு யாரோ வைத்த கறி. ஒருமுறை சட்டியையே அளந்துவிடுங்கள்.

வெறும் சட்டியை நிறுத்து அதன் எடையை மூடியின் உட்பக்கம் மார்க்கரால் எழுதுங்கள். போடுவதை எல்லாம் போடும்போதே நிறுங்கள். உலர்ந்த பீன்ஸ் 500 கிராம், 100 கிராமுக்கு 1,400 என்றால் 7,000 கிலோஜூல். எண்ணெய் 90 மில்லி, அதாவது ஆறு மேசைக்கரண்டி, சுமார் 3,100. உருளைக்கிழங்கு 300 கிராம் 970. வெங்காயமும் தக்காளியும் 300 கிராம் 400. மசாலா, கறிவேப்பிலையை விட்டுவிடலாம். மொத்தம் 11,470. கறி இறங்கியதும் சட்டியோடு நிறுத்துச் சட்டியின் எடையைக் கழியுங்கள். 2,400 கிராம் வந்தால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 480. ஒரு கிண்ணம் 300 கிராம் என்றால் 1,430 கிலோஜூல்.

அதே கறியை 30 மில்லி எண்ணெயில் தாளித்தால் 100 கிராமுக்கு 400 அளவில் வரும், கிண்ணத்துக்கு 1,200. பீன்ஸை ஒரு பருக்கை குறைக்கவில்லை, வயிறு அதே அளவு நிறையும். வெங்காயம் அடிப்பிடித்தால் எண்ணெயைத் திரும்ப ஊற்றாமல் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து வதக்குங்கள். அடியில் ஒட்டியது கரைந்து நிறமும் ஏறும்.

வெளிச்சாப்பாட்டில், ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் பன்னி சௌவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 700 கிராம் வெள்ளை லோஃபில் கால் பங்கு 175 கிராம். நடுவிலிருந்து எடுத்த துண்டோடு சேர்த்து ரொட்டி மட்டுமே சுமார் 1,850 கிலோஜூல். கறியும் ரொட்டிக்குள் ஊறிய எண்ணெயும் தனி. சாப்பிடக்கூடாது என்று இல்லை. ஆனால் ‘ஒரு சாண்ட்விச்’ என்று எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும்.

டீயையும் எழுதுங்கள். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 68 கிலோஜூல். இரண்டு ஸ்பூன் போட்ட டீ நாளுக்கு ஐந்து என்றால் சர்க்கரையிலேயே 680.

பிறகு சனி, ஞாயிறு. திங்கள் முதல் வெள்ளி வரை 6,300, வார இறுதி இரண்டு நாளும் 10,000 என்று வைத்துக்கொண்டால் வாரச் சராசரி 7,360 ஆகிவிடுகிறது. கல்யாணம், கோயில் சாப்பாடு, ஆடிக் கூழ், “ஒன்றே ஒன்று எடுத்துக்கோ கண்ணு” என்று ஆயா கையில் வைக்கும் வடை எதையும் மறுக்க வேண்டாம். எழுதிவிட்டால் போதும். எழுதாத நாளைத்தான் கணக்கால் சரிசெய்ய முடியாது.

14 நாள் சோதனை: உங்கள் சொந்த எண்

சூத்திரம் தருவது தொடக்க மதிப்பு. பலருக்கு 10 சதவீதத்துக்குள் வரும், சிலருக்கு அதைத் தாண்டித் தப்பும். உங்கள் உண்மைச் செலவை உங்கள் எடையே சொல்லும்.

தினமும் காலை கழிவறை போய்வந்து, டீ குடிக்கும் முன், ஒரே இடத்தில் எடை பாருங்கள். மெஷின் டைல்ஸ் மேல் இருக்க வேண்டும். கம்பளத்தின் மேல் வைத்தால் தவறாகக் காட்டும். மூன்று வாரம் எழுதுங்கள். முதல் வாரத்து ஏழு எண்களின் சராசரியையும் மூன்றாம் வாரத்துச் சராசரியையும் எடுங்கள். இரண்டுக்கும் இடையே 14 நாள். சாப்பாட்டின் நாள் சராசரியையும் எடுங்கள். குறைந்த கிலோவை 32,000-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்து, சாப்பிட்ட சராசரியோடு கூட்டினால் உங்கள் நாள் முழுச் செலவு கிடைத்துவிடும்.

அக்கா 6,300 எழுதினார், 78.4-இலிருந்து 78.1-க்கு வந்தார். 0.3 × 32,000 = 9,600. 14-ஆல் வகுத்தால் 690. ஆக, அவர் செலவு 6,990. எதிர்பார்த்தது 8,050 அல்லவா? இப்போது புரிகிறது: 1.375 போட்டது தப்பு, அவருக்கு 1.2-தான் பொருந்துகிறது, அல்லது எழுதியதில் ஏதோ விடுபடுகிறது. எது காரணமானாலும் 6,990-ஐ வைத்தே மேலே போகலாம். ஏனென்றால் அவர் எழுதும் பழக்கத்திலுள்ள குறையும் அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதே கையால் அதே மாதிரி எழுதும்வரை அது வேலை செய்யும்.

புதிதாகத் தொடங்கியவர்கள் முதல் பத்து நாளை இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள், தண்ணீர் எடை கணக்கைக் கெடுக்கும். மாதவிடாய் வரும் பெண்கள், ஒரு சுழற்சியின் ஒரே கட்டத்தை அடுத்த சுழற்சியின் அதே கட்டத்தோடு ஒப்பிட்டு, நடுவில் எத்தனை நாளோ அதால் வகுப்பது நல்லது.

“எட்டு கிலோ இறங்கியது, அங்கேயே நின்றுவிட்டது”

சிறிய உடம்புக்குச் சிறிய செலவு. வேறொருவரை எடுத்துக்கொள்வோம்: அக்காவின் வயது, உயரம், தொடக்க எடை அதே, ஆனால் 1.375 உண்மையாகவே பொருந்தியவர். 6,300 சாப்பிட்டு 70 கிலோவுக்கு வந்துவிட்டார். அவருடைய ஓய்வுநிலைச் செலவு இப்போது 1,314 கலோரி, 5,520 கிலோஜூல். நாள் முழுச் செலவு 7,590. முன்பு வாரம் 380 கிராம் இறங்கியது, இப்போது 280.

இதோடு நிற்காது. குறைத்துச் சாப்பிடும்போது தெரியாமலேயே அசைவு சுருங்குகிறது. மாடிக்கு இரண்டு தடவை போகிறவர் ஒரே தடவையில் முடித்துக்கொள்கிறார், நின்று பேசியவர் உட்கார்ந்து பேசுகிறார். 1.375 மெல்ல 1.25 ஆனால் செலவு 6,900, பற்றாக்குறை 600, வாரத்துக்கு 130 கிராம். எடை மெஷினின் அன்றாட ஏற்ற இறக்கத்தில் 130 கிராம் கண்ணுக்கே தெரியாது. ‘நின்றுவிட்டது’ என்று தோன்றுவது பல நேரம் இதுதான். எடை இழந்த அளவுக்குக் கணக்குச் சொல்வதைவிட ஓய்வுநிலைச் செலவு இன்னும் சற்றுக் கூடுதலாகவே இறங்குவதும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு 4, 5 கிலோவுக்கும் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். சாப்பாட்டை இன்னும் வெட்டுவதற்கு முன் நடையை மீட்டெடுங்கள். தொடக்கத்தில் நாளுக்கு எத்தனை அடி நடந்தீர்கள் என்று ஃபோனிலேயே இருக்கும். அந்த எண்ணுக்குத் திரும்பினாலே பாதி சரியாகும். தட்டில் புரதத்தைக் கூட்டுங்கள். புரதத்தின் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் செரிமானத்திலேயே செலவாகிறது. மாவுச்சத்தில் 5 முதல் 10, கொழுப்பில் 3-க்குள். தசை கரையாமல் காப்பதும் புரதம்தான். பருப்பு, சுகர் பீன்ஸ், முட்டை, டின் மீன், மாஸ் (புளித்த பால்) எல்லாம் நம் சமையலறையில் ஏற்கெனவே இருப்பவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

“ஜிம்மில் சேர்ந்தேன், எடை ஏறுகிறது”

புதிய பயிற்சியால் வலிக்கும் தசை தண்ணீரைப் பிடித்துவைக்கும். மூன்று நாலு வாரம் பொறுத்திருங்கள். அதுவரை டேப்பால் இடுப்பை அளந்து எழுதுங்கள். தெற்காசிய உடம்புக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் ஆபத்து அதிகம் என்று கொள்கிறார்கள். மெஷின் ஏறிக் காட்டி டேப் இறங்கிக் காட்டினால் டேப்பை நம்புங்கள். தசை கூடினால் ஓய்விலேயே நிறைய எரியும் என்ற பேச்சை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்: ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்குச் சுமார் 55 கிலோஜூல்தான் எரிக்கும். இரண்டு கிலோ கூட்டினால் ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை அளவு. பளு தூக்குவதால் வலுவும் சர்க்கரைக் கட்டுப்பாடும் கிடைக்கும், அதற்காகவே அதை விடாமல் செய்யலாம்.

“நாற்பது தாண்டியதும் மெட்டபாலிசம் நின்றுவிட்டது”

6,400-க்கும் மேற்பட்டவர்களின் செலவை அளந்து 2021-இல் வெளியான ஆய்வு, உடம்பின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்தால் 20 வயதிலிருந்து 60 வரை செலவு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது என்றது. அறுபதுக்கு மேல்தான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் போல இறங்குகிறது. நாற்பதில் மாறுவது பெரும்பாலும் நாளின் நடப்பு: காரோட்டம், உட்கார்ந்த வேலை, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டு முடிப்பது. இவற்றை மாற்ற முடியும்.

கணக்கை விட்டுவிட்டு கிளினிக்குக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

14 நாள் சோதனையைச் சரியாகச் செய்தும் செலவு சூத்திரத்தைவிட மிகக் குறைவாக வந்தால், கூடவே குளிர் தாங்காமை, தோல் வறட்சி, மலச்சிக்கல், முகம் உப்பல், எந்நேரமும் தூக்கம் இருந்தால் தைராய்டுக்கு டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் முகத்தில் ரோமம் வளர்ந்தால் அதையும் சொல்லுங்கள். பிரெட்னிசோன், இன்சுலின், மனநல மருந்துகள் சில எடையை ஏற்றக்கூடியவை. நீங்களாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முயலாமலே எடை வேகமாக இறங்கினால், அது சந்தோஷப்பட வேண்டிய செய்தியாக இல்லாமலும் இருக்கலாம், உடனே காட்டுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டே ஆகவேண்டும். காவடி விரதத்துக்கும் இது பொருந்தும். மாத்திரை அதே அளவில் இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் ரத்தச் சர்க்கரை சரியும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள். மீட்டர் 4-க்குக் கீழே (mmol/L அலகில்) காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் ஏறவில்லையென்றால் மறுபடி அதே அளவு குடியுங்கள். ஏறியதும் ஒரு துண்டு ரொட்டியாவது சாப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அன்றைய எண்ணையும் நேரத்தையும் சாப்பாடு எழுதும் அதே நோட்டில் குறித்து, அடுத்த முறை கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். மாத்திரை அளவை முடிவு செய்ய மருத்துவருக்கு அந்தப் பக்கம்தான் தேவைப்படும்.